சிட்டு எடுத்த படம்

வாய் பெரிசு, பேசாது. காது ரெண்டு, கேட்காது. அது என்ன?

யோசித்துக்கொண்டே படியுங்கள்.

“ஆணியில தொங்குற துணியையுமா படம் எடுக்கறீங்க?” சிட்டுவின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பள்ளியிலிருந்து வந்த பேச்சுப் பயிற்சி டீச்சர், அந்த ஒற்றை அறையில் அடுப்பு, சுருட்டிய பாய், வாசல் செருப்பு என்று ஒவ்வொன்றாகக் கைபேசியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். “உன் ஏழ்மையைக் காட்டி எங்கயோ வசூல் பண்ணப் போறாங்க. நீயும் வாயைப் பார்த்துக்கிட்டு நில்லு!”

மூலையில் ஆறு வயது சிட்டு, கவிழ்த்த வாளியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சு வராது. வேண்டியதைப் பட அட்டையாக எடுத்துக் கொடுக்கப் பழக்குவதுதான் அவளுடைய சிறப்பு வகுப்பு. இதுவரை ஒரு அட்டையைக்கூட அவள் தொட்டதில்லை. வகுப்பில் அவள் இடம் நிலைக்க நாளைதான் கடைசி வாய்ப்பு.

டீச்சர் வாளிப் பக்கம் திரும்பியதும் அம்மா குறுக்கே வந்தாள்.

“அது அடி வெடிச்சதுங்க. அதையாவது விடுங்களேன், மானம் போகுது.”

“இது ஒண்ணு மட்டும்மா. எதுக்குன்னு நாளைக்குத் தெரியும். பலிக்குமான்னு எனக்கே தெரியாது, அதான் சொல்லலை.”

அம்மா அரை மனதோடு விலகினாள்.

மறுநாள் தலைமை ஆசிரியை அறை. கட்டடம் கூட்டும் வேலையிலிருந்து சீருடையோடே ஓடி வந்திருந்தாள் அம்மா.

“இன்னைக்கும் எடுக்கலைன்னா இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்தாகணும்மா. வீட்டுல கொஞ்சமாவது சொல்லிக் கொடுத்திருந்தா...” என்றபடி தலைமை ஆசிரியை அட்டைகளைப் பரப்பினார். பியானோ. நீச்சல் குளம். சோபா. சக்கரக் காலணி.

“சிட்டு, உனக்கு என்ன வேணும்?”

சிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

“கல்லுல நார் உரிக்கிற கதைதான்” என்று முணுமுணுத்தார் தலைமை ஆசிரியை.

“மேடம், இதுல ஒண்ணையாவது அவ வீட்டுல பார்த்திருப்பாளா?” என்றார் பேச்சு டீச்சர்.

தன் பையிலிருந்து வேறு அட்டைகளை எடுத்து வைத்தார். அடுப்பு. பாய். செருப்பு. ஆணியில் துணி. வாளி.

தன் வீடே மேசைமேல் ஏறிவிட்டதுபோல் இருந்தது அம்மாவுக்கு. தலையைக் குனிந்துகொண்டாள்.

“இப்பக் கேளுங்க மேடம்.”

தலைமை ஆசிரியை கொஞ்ச நேரம் அந்தப் படங்களையே பார்த்தார். பிறகு பியானோவையும் சோபாவையும் ஓரமாக ஒதுக்கினார்.

“சிட்டு, உனக்கு என்ன வேணும்?”

சிட்டு ஒவ்வொரு படமாகத் தொட்டாள். அடி வெடித்த வாளியை எடுத்துக் கொடுத்தாள்.