அமைச்சரின் முதல் போணி

மீன்கடை வைத்திருந்த கடுவன் பூனை திடீரென்று மக்கள் தொண்டில் குதித்தது. "இனி என் உயிரே உங்களுக்குத்தான்" என்று குளத்துக்கே ஐஸ் வைத்தது. மீன்களும் மனம் குளிர்ந்து ஓட்டுகளைக் கொட்டின. ஜெயித்ததும் அது 'அவர்' ஆகி, மீன்வளத்துறை அமைச்சரும் ஆனார்.

பதவியேற்ற காலையில், குளம் வற்றுகிறதென்று மனுவோடு கெண்டை ஒன்று குடத்துத் தண்ணீரில் வந்து சேர்ந்தது.

அமைச்சர் மனுவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "முதல் போணி!"

கெண்டைக்குச் செதில் சிலிர்த்தது. "ஐயா, நான் மனு கொடுக்க வந்தேங்க."

"அடடா, பழக்கதோஷம்! தப்பா எடுத்துக்காதே தம்பி" என்று அமைச்சர் அன்போடு குடத்துக்குள் கையை விட்டார். அப்படியே உதவியாளரைப் பார்த்து, "வெளியே எத்தனை பேர்?" என்றார்.

"நாற்பது பேருங்கய்யா."

"பாவம், வெயில்ல கெட்டுப்போயிடுவாங்க. எல்லாருக்கும் ஐஸ் வை."