கந்தர்வன் கதையின் கடைசிக் கேசட்

கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாகப் படியேறி வந்தார் தம்பிதுரை. "ஏனுங் பாய், கந்தர்வன் கதை முடிஞ்சு போச்சுங்களா?" என்றார், மூச்சு வாங்க.

மேஜைக்குப் பின்னால் இருந்த பீர் முகம்மது சிரித்தார். பார்வையற்றோருக்காகப் புத்தகங்களைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் நூலகம் அது. பொறுப்பாளரான அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

"வாங்கண்ணா. காதல் கதைக்கு இந்த வயசுல இப்படித் துடிக்கற ஆளு கோயமுத்தூர்லயே நீங்க ஒருத்தர்தான். காலேஜ் பசங்க தோத்தானுங்க!"

"துடியலூர்ல இருந்து பஸ்ல நின்னுட்டே வந்திருக்கறேன். கேலி பண்ணாதீங்."

'மேகக்கோட்டைக் கந்தர்வன்'தான் அவரை அப்படி அலைக்கழித்துக்கொண்டிருந்த நாவல். மேகத்தின் மேல் கோட்டை கட்டி வாழும் கந்தர்வன், பூமிக்கு வந்து ஒரு ராஜகுமாரியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். ராஜா மறுக்க, அவள் அவன் சிறகைப் பற்றிக்கொண்டு பறந்துவிடுகிறாள்.

வாசித்துப் பதிவு செய்பவள் புவனா. சம்பளமில்லாத சேவை. அவள் குரலில் சிறகு படபடக்கும், மழை பெய்யும், ராஜா கர்ஜிப்பார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களாண்ணா?" என்றார் பீர் முகம்மது. "போன தடவை நீங்க குடுத்த கேசட்டை ஓட்டிப் பாத்தேன். ஒரே எடத்துல டேப்பு தேஞ்சு குரல் ஆடுது. மத்தவனெல்லாம் கந்தர்வன் முத்தம் குடுக்கற எடத்தைத் தேய்ப்பான். நீங்க என்னடான்னா, அந்தப் புள்ள 'அப்பா, போயிட்டு வாரேன்'ங்கற எடத்தைத் தேச்சு வெச்சிருக்கறீங்க!"

தம்பிதுரை தொண்டையைச் செருமினார். "போன கேசட்ல இருமிட்டே படிச்சுதுங்களே. இப்பத் தேவலைங்களா?"

"தேவலைங்க. இப்ப உள்ளாறதான் இருக்குது. கடைசி அத்தியாயம் ஓடுது."

உட்காரப் போனவர் விருட்டென்று நிமிர்ந்தார். "உள்ளாறயா? இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைங்களே! அது வெள்ளிக்கிழமைதானுங்க வரும்?"

"ஊட்டுக்காரருக்கு அஸ்ஸாம் பக்கம் மாத்தலாயிருச்சு. நாளைக்கு ரயில். முழுகாம வேற இருக்குது, இனி எப்ப வருதோ. அதுக்குள்ள கதையை முடிச்சுக் குடுத்துப்போடறேன்னு ஓடி வந்திருக்குது."

தம்பிதுரையின் கை மேஜை விளிம்பைத் தேடிப் பிடித்தது. "முழுகாம... இருக்குதுங்களா?"

"ஆமாங்க. நல்லவேளை நீங்களும் வந்தீங்க. 'என் கதையை விடாமக் கேக்கற அந்தப் பெரியவரை ஒருக்காப் பாத்துட்டுப் போகணும்'னு சொல்லிட்டே இருந்துச்சு."

"வேண்டாங்க பாய். கேசட்டை மட்டும் குடுங்க, நான் கெளம்பறேன்."

"கேசட்டே அதுகூடத்தானுங்க வெளிய வரும்! அது கையாலயே வாங்கிக்குங்க."

தம்பிதுரை வாசல் வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். போனால் அந்தக் குரல் இல்லை. நின்றால் அவள் வந்துவிடுவாள்.

"புள்ள உங்களைக் கடிச்சா திங்கப் போகுது? உக்காருங்கண்ணா!"

அப்போது பதிவு அறைக் கதவின் மேலிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

"அய்யோ, முடிச்சுட்டா!" என்றார் தம்பிதுரை. அடுத்த நொடி, அந்த வாட்டசாட்டமான மனிதர் கேசட் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ஒண்டிக்கொண்டார்.

தாழ்ப்பாள் சத்தம். புவனா வெளியே வந்தாள். "அந்தப் பெரியவர் வந்தாருங்களா பாய்?"

பீர் முகம்மது வாயைத் திறந்தார். பீரோப் பக்கமிருந்து ஒரு மூச்சு, அழுகையை அடக்கும் மூச்சு, அவர் காதில் விழுந்தது.

"வந்தாரும்மா. அவசரமுன்னு போயிட்டாரு."

"அட... நம்ம ராசி அவ்வளவுதானுங்க." மேஜையில் கேசட்டை வைத்தாள். "கடைசிப் பக்கம் படிக்கறப்ப அழுதுட்டேன். அழிச்சுட்டுத் திரும்பப் படிக்க நேரமில்லீங்க. பொறுத்துக்கச் சொல்லுங்க. வாரேன் பாய்."

அவள் பேசி முடிக்கும்வரை தம்பிதுரை இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டிருந்தார். படிகளில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் வெளியே வந்தார்.

பீர் முகம்மதுவின் குரல் மாறியிருந்தது. "அந்த ரூமுல இருந்து ஒரு சத்தம் வெளிய வராது. தாழ்ப்பாள் தெறந்தாத்தான் எனக்கே தெரியும். அதுக்கு முன்னாலயே 'முடிச்சுட்டா'ன்னீங்க. லைட்டு அணைஞ்சதைப் பாத்தீங்க. அப்படித்தானுங்களே?"

தம்பிதுரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணில்லாதவங்களுக்குன்னு இருக்கற எடம்ணா இது. நல்லாக் கண்ணு தெரியற மனுசன் இத்தனை நாளா எங்களை ஏமாத்திக் கதை கேட்டிருக்கறீங்க. சரி, அந்தப் புள்ள வந்தா எதுக்குப் பீரோச் சந்துல போய் ஒளியறீங்க?"

தம்பிதுரை கேசட்டை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"எம் பொண்ணு மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுதானுங்க பாய் கோயில்ல சத்தியம் பண்ணிப்போட்டேன்... குரலைக் கேக்க மாட்டேன்னு சொல்லலீங்களே!"