கைமணி ஒன்று, சிலேட்டு நாற்பது

ஸ்டோர் ரூம் பொறுப்பாளர் அந்தப் பள்ளியில் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது. மூன்றாம் வகுப்பு டீச்சர் நீட்டிய பட்டியலைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது.

"சின்ன சிலேட்டு நாப்பது, கைமணி ஒண்ணு, கலர் அட்டை மூணு கட்டு... ஒரே வகுப்புக்கு எதுக்கும்மா இவ்வளவு? சாக்பீஸ் ஒரு பெட்டி தர்றேன், போதும்."

டீச்சர் தலையசைத்து மறுத்துவிட்டு, பட்டியலை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஹெட்மாஸ்டர் கையெழுத்து இல்லாம ஒரு குண்டூசிகூடத் தர மாட்டேன்."

பத்தே நிமிடத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தார் டீச்சர். பெட்டிகளைத் தானே சுமந்துகொண்டு போனார். ஒரு நன்றிகூட இல்லை.

'வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமோ?' என்று பொருமினார் பொறுப்பாளர்.

விடுபட்ட ஒரு கட்டு அட்டையைக் கொடுக்கும் சாக்கில் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மறுநாள் காலை வகுப்புக்கே போனார். உள்ளே மணி ஒலித்தது. கரும்பலகையில் இருந்ததைப் பிள்ளைகள் சேர்ந்து வாசித்தார்கள்.

"ஆபரேஷனில் என் குரல் போய்விட்டது. பாடம் நடத்தும் ஆசை போகவில்லை. சிவப்பு அட்டை காட்டினால் அமைதி. பச்சை காட்டினால் பேசலாம்."

டீச்சர் பச்சை அட்டையை உயர்த்தினார்.

"டீச்சர், பாட்டெல்லாம் நாங்களே சத்தமாப் பாடுறோம்!" என்று முதலில் எழுந்தாள் ஒரு சிறுமி.

வாசலில் நின்ற பொறுப்பாளர் உள்ளே வந்து அட்டைக் கட்டை மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், இன்னும் என்ன வேணும், சொல்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார், சத்தமே இல்லாமல்.