ஜன்னலோரம் இரண்டு நாற்காலி

"நான் என்னத்தை எழுதுறது? கிடங்குல பெட்டி எண்ணுறவன்."

"எதையாவது எழுதுங்க. எண்ணிக்கை ஏறணும், அவ்வளவுதான்."

"எழுதினா நீ படிப்பியா?"

"படிக்காம? ஒவ்வொண்ணும் எங்கிட்டதானே வந்து விழும்."

ஒரு வருடத்துக்கு முன் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே கணவர் கேட்டதற்கு, கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவள் சொன்ன பதில் அது. இருவருக்கும் ஒரே நிறுவனம்தான். அவருக்குத் தரைத்தளத்துக் கிடங்கு, அவளுக்கு நான்காவது மாடி. ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அலுவலகத்துக்கென்றே ஒரு வலைப்பக்கம் தொடங்கும் பொறுப்பு அப்போதுதான் அவள் தலையில் விழுந்திருந்தது.

அந்தப் பக்கம் தேறியதா இல்லையா என்று சொல்ல வேண்டிய நாள் இன்று. தேறினால் அவள் துறைத்தலைவி.

கூட்ட அறைத் திரையில் பதிவுகளின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மளமளவென்று மேலே ஏறியது. இயக்குநர் முகத்தில் திருப்தி. கடைசி ஆறு வாரம் மட்டும் லேசான சரிவு. 'வேலைச்சுமை காரணமாக' என்று ஒரு வரியில் சமாளித்திருந்தாள்.

"யாரு மேடம் இது, முதலிடம்? இருநூத்திப் பதினோரு பதிவு!"

அறிக்கையில் பெயர் போடக்கூடாது என்பது விதி. பணியாளர் எண் மட்டும்தான். 4417. யாரென்று அவளுக்கும் தெரியாது.

"கெட்டிக்காரரா இருப்பார் போல. ரெண்டு எடுத்துப் படிங்க, கேப்போம்," என்றார் இயக்குநர்.

எல்லாவற்றையும் எண்ணியிருந்தாள். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. இப்போது திறந்தாள்.

'சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் இரண்டு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறேன். ஒன்றே கால் வரை.'

அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள், 'இன்று மழை. ஜன்னலோரம் பார்க்க நன்றாயிருக்கும். இரண்டு நாற்காலி. ஒன்றே கால் வரை.'

அறையே சிரித்தது.

"நாற்காலிக்குத் தரகரா சார் இவரு?" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர்.

பதில்கள் என்ற கட்டத்தில், எல்லாவற்றுக்கும் நேராகப் பூஜ்யம்.

அவளும் சிரித்துக்கொண்டேதான் அடுத்ததைத் திறந்தாள்.

'சமைத்தவர் தன் டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். அதையும் எடுத்து வந்திருக்கிறேன். இரண்டு நாற்காலி. இன்று இரண்டு மணி வரை.'

அன்று டப்பாவை மறந்த தன்னையே திட்டிக்கொண்டு, மேசையிலேயே நான்கு பிஸ்கட்டைக் கடித்து மதியத்தை ஓட்டியது நினைவுக்கு வந்தது. மாலையில் டப்பா கழுவிக் கவிழ்த்தபடி சமையலறையில் இருந்தது. யார் கழுவினார்கள் என்று அவள் யோசிக்கவில்லை.

விரல் தானாகக் கடைசிப் பதிவுக்குப் போனது. ஆறு வாரத்துக்கு முந்தையது.

'ஜன்னலோரத்து இரண்டு நாற்காலியும் இன்றிலிருந்து காலி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.'

"சரியான வேடிக்கை மனுஷன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் இயக்குநர். "இவருக்கு என்னதான் வேணுமாம் மேடம்?"

அவள் திரையிலிருந்து திரும்பினாள்.

"என் வீட்டுக்காரர் சார். ஒரு நாளாவது கூட உக்காந்து சாப்பிட வர்றியான்னு எங்கிட்ட கேட்டிருக்கார்."