லூசியின் தம்பி

“ஆஸ்பத்திரியில கிடந்து தேறி வந்த மனுசனை இந்த மழையில கப்பல் ஜெட்டிக்கு விரட்டுறியே லூசி, நெஞ்சுல ஈரமிருக்கா?” என்றார் சண்முகம், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

லூசி காதில் வாங்கவில்லை. பிரகாசத்தின் கதவைத் தட்டினாள்.

“அண்ணே, கப்பல் வந்தாச்சு! என் தம்பி வந்திருக்கானான்னு பார்த்துட்டு வாங்க.”

தீவின் மின்னி பே பகுதி முழுக்கத் தெரிந்த கூத்து இது. மெயின்லேண்ட் கப்பல் வரும் நாளெல்லாம் நடக்கும். இரண்டு வருஷமாகத் தம்பி வந்தபாடில்லை.

உள்ளே டாக்டர் இருந்தார். மனச்சோர்வு குணமானவர்களில் யாருக்கு அது திரும்பும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. கையில் இருபது கேள்வி ஃபாரம்.

“தூக்கம்?”

“வரும், போகும்.”

“சாப்பாடு?”

“ஒரு வேளை. ஒண்டி ஆளுக்கு எத்தனை வேளை பொங்குறது சார்?”

பிரகாசம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

டாக்டர் லூசியிடம் கடுமையாகவே பேசினார். “இருபதுல பதினாலு சரியில்ல. இதே கப்பல்ல மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பப் போறேன். நீங்க என்னடான்னா அலைய விடுறீங்க!”

“ஐயோ, அனுப்பிடாதீங்க டாக்டர். அங்க அவருக்கு யாரு இருக்கா? போன தடவை சீக்கு வந்தப்பவும் நல்லாத்தான் சாப்பிட்டார், தூங்கினார். கப்பல் பார்க்கப் போறதை மட்டும் நிறுத்தினார். இந்தத் தீவுல கப்பல் பார்க்காத ஆள் உண்டா? மூணாவது வாரம் கடலுக்குள்ள நடந்து போனவரைப் பிடிச்சு இழுத்தோம். போகலைன்னு சொல்ற அன்னிக்கு நானே உங்ககிட்ட ஓடி வருவேன்.”

“அப்ப உங்க தம்பி?”

“எனக்கேது தம்பி?”

டாக்டர் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனார். கூட்டம் கலைந்திருந்தது. நனைந்த கயிற்றைப் பிடித்தபடி பிரகாசம் மட்டும் நின்றிருந்தான்.

“போலாமா பிரகாசம்?”

“கடைசி ஆளும் இறங்கட்டும் சார். என்ன சட்டை போட்டிருந்தான்னுகூடக் கேப்பா.”

“தம்பி வருவான்னு நினைக்கிறீங்களா?”

பிரகாசம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அவளுக்குத் தம்பியே கிடையாது சார். அவ ஊர்க்காரங்ககிட்ட அப்பவே விசாரிச்சுட்டேன். தனியா இருந்து இருந்து புத்தி கலங்கிப்போச்சு, பாவம். நான் வராம இருந்தா உடைஞ்சு போயிடுவா... அந்த ஃபாரத்துல அவ பேரையும் எழுதிக்கங்க சார்.”