துண்டுக்கு அடியில்

மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச வந்த சுகாதாரப் பணியாளர் சகாயராணி, ரப்பரில் செய்த மார்பகம் ஒன்றைத் தட்டில் வைத்ததும், பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். உள்ளே கட்டி ஒன்று இருக்கிறது, விரலால் தேடிப் பாருங்கள் என்றாள். ஒருத்தியும் தொடவில்லை. அவர்களில் முப்பிடாதிதான் மடியில் விரித்திருந்த துண்டை உதறி அதன்மேல் போர்த்தினாள்.

"ஆம்பளைங்க வந்து போற எடம்லா. அதுக்கும் மானம் இருக்கும்லா?"

பயிற்சியில் இப்படிச் சொல்லித் தரவில்லை. துண்டை எடுத்துவிடலாமா என்று சகாயராணி குழம்பினாள். அதற்குள் கைகள் ஒவ்வொன்றாகத் துண்டுக்கு அடியில் நுழையத் தொடங்கியிருந்தன. சிரிப்பும் கேலியுமாக எல்லோரும் தேடினார்கள். கடைசியாகக் கைவிட்ட முப்பிடாதியின் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"பிள்ள, இது வலிக்குமா?"

"ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதுக்கா."

"எனக்கும் வலிக்கல."

பீடி இலை நறுக்கும் கத்தரிகள் நின்றன.

"காலைல ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா. நான் கூட வாரேன்," என்றாள் சகாயராணி.

"எனக்குன்னு தெரிஞ்சா அவரு விடமாட்டாரு."

பக்கத்தில் இருந்த தங்கப்பழம் இலையும் தூளும் வைத்திருந்த சுளகைக் கீழே வைத்தாள். "நாங்க எல்லாரும்தான் வாரோம். யாருக்குப் பாக்கப் போறோம்னு எவனுக்குத் தெரியப்போவுது?"

முப்பிடாதி அப்போதுதான் கையை வெளியே எடுத்தாள்.

"அப்பம் மொத பஸ்சுக்கே போயிருவோம் பிள்ளைகளா."