கடைசி பெஞ்சு துரை

"துரையை இந்த காலேஜை விட்டு அனுப்பிடணும் சார். இல்லேன்னா நாங்க பொம்பளைங்க யாரும் வர மாட்டோம்."

தபீதாள் நின்றுகொண்டே சொன்னாள். பொறுப்பாளர் சாம்பசிவன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உட்காரும்மா. என்ன பண்ணார்?"

எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தாம்பரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் மூன்று அறைகள். அதுதான் சமுதாயக் கல்லூரி. தொண்ணூற்றேழாம் வருஷம்தான் அங்கே வியாபார மேலாண்மை டிப்ளமோ ஆரம்பித்தார்கள். ஒரு வருஷப் படிப்பு, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. மொத்தம் பதினைந்து பேர். அதில் பன்னிரண்டு பேர் பெண்கள். பத்தாவதோடு நின்றவர்கள், மாமியாரிடம் கெஞ்சிக்கொண்டு வந்தவர்கள். தபீதாள் குரோம்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எட்டு வருஷமாகப் பட்டன் தைக்கிறாள். இந்த சர்டிபிகேட் கையில் இருந்தால் சூப்பர்வைசர் வேலைக்கு எழுதிப் போடலாம்.

துரை ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்பது வயசிருக்கும். காக்கிச் சட்டையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். ஒரு நாள்கூட லீவு கிடையாது. ஆனால் ஒரு வரியும் எழுத மாட்டார்.

மார்க்கெட்டிங் எடுக்கிற ரமா மேடம் ஒரு தடவை கேட்டார். "துரை, டிமாண்ட்னா என்ன?"

"தெரியலீங்க மேடம்."

"சப்ளை?"

"அதுவும் தெரியலீங்க."

வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

முதல் பரீட்சையில் பேரையும் நம்பரையும் மட்டும் எழுதிவிட்டு, பெல் அடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. பின்னே எதற்கு வருகிறார்?

"பொண்ணுங்களைப் பாக்கத்தான்," என்றாள் பக்கத்தில் உட்காரும் ஞானஜோதி. "நீ கவனிச்சியா? வந்து குந்துனதும் ஒவ்வொருத்தரா பாக்குறாரு. உதடு வேற அசையுது."

அதற்குப் பிறகு தபீதாளும் கவனித்தாள். உண்மைதான்.

ஆனால் மழையில் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணி நின்ற அன்று, அதே துரைதான் நாலு பெண்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து கல்லூரி வாசலில் இறக்கினார். காசு கொடுத்ததற்கு வேண்டாம் என்றார். நல்லவரா, கெட்டவரா? அவளுக்கு இன்னும் குழம்பிப்போனது.

போன வாரம், கூடப் படிக்கிற சரசு நாலு நாள் வரவில்லை. ஐந்தாவது நாள் கோவிலம்பாக்கத்தில் அவள் வீட்டு வாசலிலேயே போய் நின்றிருக்கிறார் துரை. சரசு ஏன் கிளாசுக்கு வர்றதில்லை என்று கேட்டிருக்கிறார். சரசுவின் புருஷன் அடிக்கவே வந்துவிட்டானாம்.

"வீடு வரைக்கும் போயிட்டாரு சார்," என்றாள் தபீதாள். "இதுக்கு மேல இன்னா வேணும்?"

சாம்பசிவன் மேஜைமேல் இருந்த ரிஜிஸ்டரை இழுத்துத் திறந்தார்.

"நீக்கிடலாம்மா. ஆனா அவரை நீக்கினா பதினாலு பேர் ஆயிடும். பணம் குடுக்கற ட்ரஸ்ட்லேர்ந்து மாசா மாசம் வந்து ரிஜிஸ்டரைப் பாக்கறாங்க. பதினஞ்சுல ஒரு ஆள் குறைஞ்சாலும் கோர்ஸை மூடிடுவாங்க."

"அதுக்காக..."

"அவருக்கும் அது தெரியும். அதான் தினமும் வந்து தலையை எண்ணறார். சரசு நின்னுடப் போறாளேன்னு பயந்து போயிருப்பார். வீட்டுக்குப் போனது தப்புதான். நான் சொல்லி வைக்கறேன்."

"கோர்ஸ் மூடினா அவருக்கு இன்னா சார்? அவர்தான் படிக்கறதே இல்லையே."

"அதை நானும் கேட்டாச்சு. சிரிக்கறார், அவ்வளவுதான். அட்மிஷன் கடைசி நாள், பதினாலு பேர்தான் சேர்ந்திருக்கீங்க, கோர்ஸ் கிடையாதுன்னு உங்களையெல்லாம் அனுப்பிட்டேன் இல்லையா? கொஞ்ச நேரம் கழிச்சு இவர் உள்ளே வந்தார். எட்டாவது பாஸ், என்னைச் சேத்துக்குவீங்களான்னார். அதனாலதான் மறுநாள் உங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட ஆள் விட்டேன்."

தபீதாள் வெளியே வந்தாள். வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. துரை ஆட்டோவின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சாயங்காலம்தானே சவாரி ஜாஸ்தி? அதை வுட்டுட்டு, புரியாத கிளாஸ்ல ஏன் வந்து குந்திகினு கீறீங்க?"

"இன்னாத்துக்கும்மா அதெல்லாம்?"

"சொல்லுங்கண்ணா. உங்க மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்ததே நான்தான்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் கோபப்படவில்லை. வேறு யாரைப் பற்றியோ சொன்னதைக் கேட்டதுபோல மெல்லத் தலையாட்டினார்.

"அந்த வூட்டாண்ட போயிருக்கக் கூடாது. தப்புதான்," என்றார்.

"நான் கேட்டது அது இல்லண்ணா."

துரை துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னிக்கு இங்க ஒரு சவாரியை எறக்கிட்டு நின்னுகினு இருந்தேம்மா. கிளாஸ் கிடையாதுன்னு எல்லாரும் பூட்டாங்க. நீ மட்டும் கேட்டாண்ட நின்னு அழுதுகினு இருந்தே."